மூன்று பனியன், ஒரே தண்ணீர்

திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டர் வீட்டில் யாருக்கும் ஒழுங்கான அளவில் பனியன் கிடையாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. அப்பா போட்டிருக்கும் பனியன் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடும். கையைத் தூக்கினால் விலா எலும்பு தெரியும். அகலம் மட்டும் இரண்டு ஆள் நுழைகிற மாதிரி இருக்கும். இரண்டு வயதுத் தம்பிக்கு அதே பனியன் கணுக்கால் வரைக்கும் கவுன் மாதிரி தொங்கும். நானும் வீட்டில் இருக்கும்போது பாவாடைக்கு மேலே அதில் ஒன்றைத்தான் மாட்டிக்கொண்டு திரிவேன். எல்லாம் சோதனைப் பனியன்கள். அம்மா வைத்த தண்ணீரில் விழுந்து எழுந்தவை.

அறுபதுகளின் கதை இது. எனக்குப் பத்து வயது. அப்பா வேலை பார்த்த கம்பெனியைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கொட்டகை ஒன்று, அதில் நாலு பின்னல் மெஷின், எட்டுத் தையல் மெஷின், நடுவில் அப்பா நின்று வெட்டுகிற நீளமான டேபிள். முதலாளிக்குச் சொந்தமான லைன் வீடுகளில் ஒன்றை மாஸ்டருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலை போனால் வீடும் போகும். அப்பாவுக்கு முன்னால் இருந்த மாஸ்டருக்கு அப்படித்தான் ஆயிற்று. அவர் வெட்டின ஒரு லாட் பனியன் கடைக்குப் போய், வாங்கினவர்கள் ஒருமுறை துவைத்ததும் சுருங்கிப் போய், மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. அந்த வாரமே அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர்கள் காலி செய்த வீட்டில்தான் நாங்கள் குடியேறினோம். அவர்களுடைய பிள்ளை சமையலறைச் சுவரில் கரியால் எழுதிய ஒன்று, இரண்டு, மூன்று அப்படியே இருந்தது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

பனியன் துணியின் குணம் அது. வெளுக்கும்போதும் உருளையில் கொடுத்து அழுத்தும்போதும் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு கொடுக்கும். முதல் துவையலில் தண்ணீரைக் கண்டதும் பழையபடி சுருண்டுகொள்ளும். எவ்வளவு சுருங்கும் என்பது நூலுக்கு நூல் மாறும், மில்லுக்கு மில் மாறும். அதை முன்னாலேயே கண்டுபிடித்து, அவ்வளவு நீளம் கூட விட்டு வெட்ட வேண்டும். ஒரு மாஸ்டர் இந்த ஊரில் நிற்பதும் போவதும் அந்த இரண்டு இஞ்சில்தான் இருந்தது.

அதனால் புது லாட் துணி வந்தால் அப்பா அதில் ஒரே அளவாக மூன்று பனியன் தைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். ஓரத்தில் நீல நூலால் ஒன்றுக்கு ஒரு தையல், அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று என்று அடையாளம் போட்டிருப்பார். அதற்கு மேல் அம்மாவின் ராஜ்யம். ஒரு தையல் போட்டதைப் பச்சைத் தண்ணீரில் துவைப்பாள். இரண்டு தையல் போட்டது வெதுவெதுப்பில். மூன்று தையல் போட்டதைக் கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடா போட்டு வேகவிடுவாள். வாங்குகிறவன் வீட்டில் எந்தத் தண்ணீரில் துவைப்பார்களோ யாருக்குத் தெரியும்? மூன்றையும் தாங்கினால்தான் பனியன்.

அம்மாவுக்குத் துணி என்றால் முதலில் தண்ணீர். சோப்பு, கல், வெயில் எல்லாம் அதற்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் அழுக்குத் துணியை நாலு குவியலாகப் பிரித்துவிடுவாள். அப்பாவின் வெள்ளை வேட்டி கொதிக்கிற அண்டாவுக்குள் போகும். மெஷின் எண்ணெய் பட்ட துணிக்குக் கை பொறுக்கிற சூடு. என்னுடைய நீலப் பள்ளிக்கூடப் பாவாடை பச்சைத் தண்ணீரில்தான். வெந்நீர்ப் பக்கம் கொண்டுபோனால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது. அப்பாவின் கம்பளி மப்ளருக்குப் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. மணிக்கட்டின் உள்பக்கத்தில் நாலு சொட்டு விட்டுப் பார்த்து, சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது என்பாள். இப்போது என் வீட்டு மெஷினில் முப்பது, நாற்பது, அறுபது என்று எண் போட்டு ஒரு திருகு இருக்கிறது. அம்மா அந்த எண்களையெல்லாம் கையிலேயே வைத்திருந்தாள்.

சோதனைப் பனியன் காய்ந்த அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு பரீட்சை நடக்கும். அப்பா கூடத்தில் பாயை விரித்து, மூன்றையும் வரிசையாகப் போட்டு, டேப்பை வைத்து அளப்பார். பச்சைத் தண்ணீர்ப் பனியன் கால் இஞ்சு சுருங்கியிருக்கும். பரவாயில்லை என்று தலையை ஆட்டிக்கொள்வார். வெதுவெதுப்பு அரை இஞ்சு. அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார். மூன்றாவதை அளக்கும்போது அவர் மூஞ்சி மாறும். ஒன்றரை, சில சமயம் இரண்டு, இரண்டரை. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். கூட இவ்வளவு துணி போகும் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். அவர் கத்துவார், துணியைத் தின்கிறீர்களா மாஸ்டர் என்பார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்றாவது பனியனில் அப்பா ஃபெயில் ஆகிறார் என்பதுதான்.

யார் ஃபெயில் ஆக்குகிறார்கள்? அம்மாதான். அவள்தானே அடுப்பை அப்படி எரியவிடுகிறாள். பருத்திமாரை, காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளை, ஒடித்து ஒடித்துத் திணித்து, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் விடாமல், அந்தப் பனியனைக் குச்சியால் முக்கி முக்கி எடுப்பாள்.  கொஞ்சம் இரக்கம் காட்டினால் என்ன? இரண்டாவது பனியன் குளிக்கிற தண்ணீரிலேயே இதையும் குளிப்பாட்டினால் அப்பா பாஸ் ஆகிவிடுவாரே. என் அம்மாவுக்கு அப்பாவின் மேல் ஏதோ கோபம், அதைத்தான் தண்ணீரில் காட்டுகிறாள் என்றுகூட நினைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். பத்து வயதில் அது எனக்குப் பெரிய துக்கம்.

அந்த வருடம் தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது மங்கலத்தில் சித்திக்குப் பிள்ளை பிறந்தது. குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுக்க ஆள் இல்லை என்று அம்மா வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். திங்கட்கிழமை காலையில் வந்துவிடுகிறேன் என்றாள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, தம்பியை என் இடுப்பில் வைத்துவிட்டு, அப்பாவிடம் ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

"லாட் வந்துச்சுன்னா நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க."

லாட் சனிக்கிழமையே வந்துவிட்டது. வடக்கே ஒரு பெரிய வியாபாரியின் தீபாவளி ஆர்டர். அந்தக் கம்பெனி அதுவரைக்கும் பார்க்காத ஆர்டர். பார்சல் சீக்கிரம் ரயில் ஏற வேண்டும், திங்கள் காலையில் கட்டிங் ஆரம்பித்தே ஆக வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலமே அப்பா மூன்று பனியனையும் கையில் வைத்துக்கொண்டு பொடக்காலிக் கதவில் சாய்ந்து நின்று, அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணு, அம்மா பண்ற மாதிரியே பண்ணிப்போடுவியா?"

"பண்ணுவனுங்கப்பா."

"மூணாவது நல்லாக் கொதிக்கோணும். சோடா போடோணும். கையச் சுட்டுக்காத சாமி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போனதும் தம்பிக்கு ஒரு கரண்டியையும் ஒரு தட்டையும் கொடுத்து வாசற்படியில் உட்கார வைத்தேன். ஒரு தையல் பனியனைக் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். அடுப்பு மூட்டி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, அம்மா வைக்கிற அதே வெதுவெதுப்பில் இரண்டாவதைத் துவைத்தேன். இந்த இடம் வரைக்கும் நான் தங்கமான பிள்ளை. மூன்றாவதைக் கையில் எடுத்தேன். புதுத்துணி, வெள்ளை வெளேரென்று இருந்தது. சுவரோரமாக உட்கார்கிற அப்பாவின் மூஞ்சி ஞாபகம் வந்தது. எரிந்துகொண்டிருந்த பருத்திமாரை வெளியே இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்தேன். மிச்சமிருந்த அதே வெதுவெதுப்பில் மூன்றாவதையும் முக்கினேன்.

சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நெருப்புக்குப் பயப்படுகிற பிள்ளையும் இல்லை நான். அப்பாவின் மேல் இருந்த பிரியம்தான். அந்தப் பனியனை நான் துவைத்த மாதிரி பட்டுப்புடவையைக்கூட யாரும் துவைத்திருக்கமாட்டார்கள். முறுக்கவில்லை, அடிக்கவில்லை, கையால் அமுக்கி அமுக்கித் தண்ணீரை எடுத்து, சுருக்கம் விழாமல் கொடியில் போட்டேன்.

சாயங்காலம் அப்பா பாயை விரித்தார். முதலாவது கால் இஞ்சு. இரண்டாவது அரை இஞ்சு. மூன்றாவதை அளந்துவிட்டு டேப்பைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். பனியனை உதறிப்போட்டு மூன்றாவது தடவையும் அளந்தார்.

"கொதிச்சுதா கண்ணு?"

"கொதிச்சுதுங்கப்பா."

அப்பாவின் மூஞ்சியில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இப்படி ஒரு நூலை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று தம்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். எங்கள் இருவரையும் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு இரண்டு போண்டா வாங்கிக் கொடுத்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று பேசினார். எனக்குக் குற்ற உணர்ச்சியெல்லாம் துளியும் இல்லை. அம்மாவால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்ற பெருமையில் இரண்டு போண்டாவையும் தின்றுவிட்டு, தம்பியின் ஒன்றில் பாதியையும் தின்றேன்.

திங்கட்கிழமை அப்பா விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். பத்து மணி வாக்கில் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். அவள் பையைக் கீழே வைக்கும் முன்னாலேயே நான் ஓடிப்போய் என் பிரதாபத்தைச் சொல்லிவிட்டேன்.

"நீங்க இல்லாமயே லாட்டுப் பனியனத் தொவைச்சுட்டனுங்கம்மா. அரை இஞ்சுதான் சுருங்குச்சு."

"எது அரை இஞ்சு?"

"மூணாவதுந்தானுங்க."

 அம்மா பை தோளில் தொங்கத் தொங்கப் பொடக்காலிக்குப் போனாள். சோடாப் பொட்டலம் மாடத்தில் கட்டின நூல் பிரிக்காமல் இருந்தது. அடுப்பில் அரைகுறையாக எரிந்த பருத்திமார் கிடந்தது. அளந்த பிறகு மறுபடி கொடியில் போட்டிருந்த மூன்று தையல் பனியனை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பையை வீசிவிட்டு, சீக்கிரம் சூடாகட்டும் என்று சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடுப்பைப் பற்றவைத்து, குனிந்து ஊதினாள். கொதிக்கக் கொதிக்க வாசலையும் வெயிலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சோடா போட்டு அந்தப் பனியனை வேகவைத்து, குச்சியால் எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தாள். காய்ந்து கிடந்த முதல் பனியனின் மேல் தோளோடு தோள் சேர்த்து அதை விரித்தாள்.

மூன்று விரல் கட்டை. மூன்று விரல் அகலத்துக்கு அடியில் இருந்த பனியன் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.  சமையலறைச் சுவரில் இருந்த ஒன்று, இரண்டு, மூன்று கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தப் பிள்ளையின் அப்பாவைப் போல என் அப்பாவும் மாட்டு வண்டி கூட்டிவரப் போவார், அதற்கு நான்தான் காரணம் என்று புரிந்துவிட்டது.

"தம்பியத் தூக்கிக்க," என்றாள் அம்மா. இரண்டு பனியனையும் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பஸ்ஸில் வந்தவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அம்மா அதற்கு முன்னால் கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. உள்ளே மெஷின்களின் இரைச்சல் காதைப் பிளந்தது. அப்பா டேபிளில் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி, பெரிய கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு அடுக்கு ஏற்கெனவே வெட்டி முடித்து ஓரத்தில் இருந்தது. அம்மா வாசலில் நின்று "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிட்டாள். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்? பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியிருப்பார். எங்கள் பக்கத்துப் பெண்கள் உயிர் போனாலும் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம்பியோடு நான் பின்னால் ஓடிவர, ஆண்களுக்கு நடுவில் விறுவிறுவென்று நடந்து போய், கத்திரிக்கு நேர் எதிரில், புதுத்துணியின் மேலேயே ஈரப் பனியனைப் போட்டாள்.

கத்திரி நின்றது. அப்பா பனியனைப் பார்த்தார். அம்மா அதன் பக்கத்தில் காய்ந்த பனியனையும் வைத்தாள். அளக்க டேப் வேண்டியிருக்கவில்லை. துணியில் ஈரம் பரவுவதைப் பார்த்து முதலாளி ஓடிவந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"என்ன மாஸ்டர் இது? சுருக்கமே இல்லேன்னீங்க?"

அப்பா கத்திரியைக் கீழே வைத்தார். அம்மாதான் பேசினாள்.

"அவிய மேல தப்பில்லீங்க. நான் ஊருக்குப் போற அவசரத்துல, புள்ள கையச் சுட்டுக்குமோன்னு, லாட் வந்தா மூணையும் வெதுவெதுப்புல போட்டு எடு, அப்பா கேட்டாக் கொதிச்சுதுன்னு சொல்லுன்னு அதுகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. இப்பத்தான் வந்து பாத்தனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இல்லீங்க, நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கை என் தோளில் அழுந்தியது. ஐந்து விரலும் எலும்பைத் தொட்டன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இதுக்குத்தான் பொம்பளைங்கள நம்பி வேலை குடுக்கக்கூடாதுங்கறது," என்றார் முதலாளி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இவ்வளவு பெரிய ஆர்டரு. போன மாஸ்டர் கதை தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியுமுங்க. தப்புத்தானுங்க," என்றாள் அம்மா. அத்தனை பேர் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுடைய கையைவிட நல்ல கை அந்தக் கொட்டகையில் ஒருத்தருக்கும் கிடையாது. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அப்பா அதற்குள் சுதாரித்துக்கொண்டார். வெட்டின அடுக்கைப் புரட்டிப் பார்த்தார். "இத முப்பத்திரண்டு சைஸ்ல போட்டுக்கலாமுங்க. சின்ன சைஸும் ஆர்டர்ல இருக்குதுங்க. மிச்சத்துக்கு அளவு அட்டையை மாத்திக்கறேன். நட்டம் ஒண்ணுமில்லீங்க," என்றார். முதலாளி வெட்டின துணியையும் வெட்டாத துணியையும் பார்த்தார். ஒரு அடுக்குதான் போயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பாதி லாட் வெட்டியாகியிருக்கும். அவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அப்பா சாக்குக்கட்டியை எடுத்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது தெருக்குழாயில் அம்மா இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீர் குடித்தாள். மூஞ்சியைக் கழுவினாள். பிறகு அங்கேயே குழாய் மேடையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு அப்பிடிப் பண்ணுன?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கொதிக்க வைத்தால் அப்பா மூஞ்சி தொங்கிப்போகிறது, சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்றேன். அடி விழும் என்று காத்திருந்தேன்.  அம்மா ஈர முந்தானையால் என் மூஞ்சியைத் துடைத்துவிட்டு, தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்மூட்டுலயே சுருங்கிப்போச்சுன்னா, வாங்கறவன் ஊட்டுல போயிச் சுருங்காது. அதுக்குத்தான் கொதிக்க வெக்கறது," என்றாள். எழுந்து நடந்தவள் நாலு எட்டு வைத்ததும் நின்றாள். "இத அப்பாகிட்டச் சொல்லாத. எப்பவுமே சொல்லாத."

சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அடி வாங்காமல் தப்பித்த பிள்ளை எதற்கும் சத்தியம் செய்யும்.

அந்த லாட்டில் ஒரு பனியன்கூடத் திரும்பி வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு அதே வியாபாரி இரண்டு மடங்கு ஆர்டர் அனுப்பினார். அப்பா அந்தக் கம்பெனியிலேயே கடைசி வரைக்கும் மாஸ்டராக இருந்தார். நானும் தம்பியும் அந்த லைன் வீட்டிலிருந்துதான் படித்தோம், அங்கிருந்துதான் எனக்குக் கல்யாணம் நடந்தது. இன்றைக்கு நான் தின்கிற சோறு, என் பிள்ளைகள் தின்கிற சோறு எல்லாமே அன்று ஒருத்தி தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்த நடையில் வந்தது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அப்பாவுக்கு அது வேறு விதத்தில் லாபம் ஆயிற்று. கல்யாணமானதிலிருந்து அம்மாவிடம் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் தவித்த மனிதர் அவர். உப்பு கூடாது, குறையாது. சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலை நடக்கும். குற்றமே செய்யாத பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துவது ஆண்களுக்குக் கஷ்டம்தானே. இப்போது கையில் ஒன்று கிடைத்துவிட்டது. அவர் ஏதாவது மறந்துபோய் அம்மா குத்திக்காட்டினால் போதும், "ஏம்புள்ளே, மூணையும் வெதுவெதுப்புல போடச் சொன்னது ஆருன்னு சித்தே யோசிச்சுப் பாரு" என்பார். உறவுக்காரர்கள் வந்தால் அந்தக் கதையை நடித்தே காட்டுவார். ஈரப் பனியன் விழுந்ததும் கத்திரி நின்றதும் முதலாளி ஓடிவந்ததும் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போயின. அம்மா காபி ஆற்றிக்கொண்டே, "ஆமாங்க, சொன்னனுங்க, என்ன பண்றது" என்பாள். நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். என் பழியை அவள் சுமக்கிறாள் என்று மனசு அறுக்கும். அதே சமயம், நல்லவேளை, தப்பித்தோம் என்றும் இருக்கும்.

அப்பா போன பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மாமா ஒருவர் அந்தக் கதையை எடுத்தார். அப்பா மாதிரியே கையை வீசிச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முப்பது வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எனக்காக எத்தனை வருசம் பேச்சு வாங்கிட்டீங்கம்மா. நான் பெரியவளான பொறவாச்சும் உண்மையச் சொல்லியிருக்கலாமில்லீங்க? அப்பா என்னைய அடிக்கவா போறாரு?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வயசாகியும் இதுகூடத் தெரியவில்லையா என்று இருந்தது.

"அடிப்பாருன்னு ஆரு சொன்னா? அந்த மனுசன் கம்பெனியில நாள் பூரா மொதலாளி மொகத்தப் பாத்துச் சிரிச்சுட்டு நிக்கோணும். ஊட்டுக்கு வந்து அந்தச் செவுத்தோரமா உக்காந்தாத்தான் தன்ற மூஞ்சி தன்னுதா இருக்கும். பெத்த புள்ள அந்த மூஞ்சியப் பாத்துப் பயந்து பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுதுன்னா, அப்பறம் ஊட்டுக்குள்ளயும் சிரிச்சுட்டேதான் வருவாரு. பாவம், எங்க போயி உக்காருவாரு?"

 அன்று குழாயடியில் அவள் வாங்கிய சத்தியம் என்னைக் காப்பாற்ற என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். பத்து வயதில் எனக்கு அப்பாவின் தொங்கின மூஞ்சியை எப்படியாவது மாற்றிவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. அவர் அப்படியே வந்து உட்கார ஒரு வீடு வேண்டும் என்று தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்காக அவள் முப்பது வருடம் தப்புச் செய்தவளாக இருந்திருக்கிறாள்.